புதன்கிழமைக்கு முன்னால்: பச்சைப்பிள்ளையின் தடுப்பூசி பற்றிப் புதுப் பெற்றோருக்கு

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். எனக்கும் அப்படித்தான், கல்லிடைக்குறிச்சியில். பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆனதும் ஊசி போட்டு வந்தோம். அன்று ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது. ஊசி போட்ட தொடையைத் தொட்டாலே வீறிட்டான். விடிய விடியத் தொட்டிலை ஆட்டிய ஆச்சி காலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "போதும்ட்டி. நல்லா இருந்த பிள்ளையக் கூட்டிட்டுப் போய்க் காய்ச்சல வாங்கிட்டு வந்திருக்கிய. அடுத்த ஊசிக்கு யாரும் போக வேண்டாம்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எந்த நோய்க்குப் போட்டோம், காய்ச்சல் ஏன் வந்தது, அது எப்போது இறங்கும் என்று எதுவுமே தெரியாது. வரிசையில் நின்றேன், பிள்ளையை நீட்டினேன், அவ்வளவுதான். இரண்டரை மாத ஊசி தவறிப்போனது.

நான் பார்த்தவரை இங்கே ஊசி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்கள் குறைவு. ராத்திரிக் காய்ச்சல், அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போகும் மாதம், காணாமல்போன ஊசி அட்டை, இந்த மூன்றும்தான் ஊசியைத் தவறவிடுகின்றன. அதனால் முடிவை ஊசி போடும் அன்று எடுக்க வேண்டாம். நிதானமாக உட்கார்ந்து யோசிக்க முடிகிற நாளில், முன்னாலேயே எடுத்து வையுங்கள். நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கேட்டுக் கேட்டுப் போட்ட அம்மா. ஊசி போட வேண்டும் என்பதுதான் என் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோயின் பெயரிலிருந்து தொடங்குங்கள்

பென்டாவேலன்ட், நியூமோகாக்கல் என்றெல்லாம் சொன்னால் வீட்டில் யாருக்கும் எதுவும் விளங்காது. நம் வாயில் புழங்கும் பெயரில் சொல்லிப் பாருங்கள்.

கக்குவான் இருமலைக் கண்ணால் பார்த்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். இருமி இருமி முகம் நீலம் பாரித்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது கூவுவதுபோல ஒரு சத்தம் வரும். கைக்குழந்தைக்குப் பல சமயம் அந்தக் கூவல்கூட வராது, மூச்சு இடையில் நின்றுவிடும். தொண்டை அடைப்பானில் தொண்டைக்குள் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். அந்தக் கிருமியின் விஷம் இருதயத்தையும் தாக்கும். ரண ஜன்னி, தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கத்தியால் அறுத்த காலத்தில் பிறந்த சில நாட்களிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோனது. இந்த மூன்றோடு மஞ்சள் காமாலை-பி, ஹிப் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் சேர்த்து ஐந்துக்கும் ஒரே ஊசி. அதனால்தான் பென்டா. அரசுத் திட்டத்தில் இந்த ஊசி இந்தியாவிலேயே முதலில் வந்தது 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்.

ரண ஜன்னிக்கான பாதுகாப்பு பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாசமாக இருக்கும்போது உங்களுக்குப் போடும் டி.டி. ஊசியின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. 2015-ல் இந்தியா பச்சைப்பிள்ளை ரண ஜன்னியை ஒழித்த நாடு என்ற நிலையை எட்டியதில் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, ஊசி அட்டையின் முதல் வரி அம்மாவுடையது.

இளம்பிள்ளை வாதம்தான் போய்விட்டதே, இன்னும் எதற்குச் சொட்டு மருந்து என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு அது வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் ஓயவில்லை. விமானம் ஏறி வருகிற கிருமிக்கு எல்லை கிடையாது.

பிறந்த அன்று

மூன்று மருந்து. மஞ்சள் காமாலை-பி ஊசி 24 மணி நேரத்துக்குள். இடது தோளில் காசநோய்க்கான பி.சி.ஜி. வாயில் இரண்டு சொட்டு போலியோ மருந்து. முதல் ஊசிக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்? அம்மாவுக்கே தெரியாமல் அவள் உடம்பில் அந்தக் கிருமி இருந்தால், பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றும். பிறந்த முதல் நாளில் போட்டால் அதைத் தடுக்க முடியும். நாள் கடந்தால் பலன் குறைகிறது.

பி.சி.ஜி. குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். கலக்கினால் நாலு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் சில ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் போடுவார்கள். டிஸ்சார்ஜ் அவசரத்தில் இது விட்டுப்போகும். என் இரண்டாவது பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டார்கள், அட்டையில் எழுதவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு கவனித்து, மறுபடி பஸ் ஏறிப் போய் எழுதி வாங்கினோம். பச்சை உடம்புக்காரிக்கு அந்த அலைச்சல் தேவையா? வாசல் தாண்டுவதற்கு முன்னால் அட்டையைத் திறந்து மூன்று தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னதாக ஒரு கட்டி வரும். பிறகு அது உடைந்து கொஞ்சம் சீழ் வைத்து, ஆறி, தழும்பாகும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. மஞ்சள், களிம்பு, சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அக்குளில் நெறி கட்டிப் பெரிதானால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றரை மாத ஊசி: என்ன, எங்கே, எத்தனை

பயப்பட வைப்பது இந்த நாள்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஆறு வாரம் முடிந்திருக்க வேண்டும், ஊரில் 45-ஆம் நாள் என்று சொல்வோம். மூன்று குத்து, இரண்டு வாய் மருந்து. இடது தொடையில் பென்டா. வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி. வலது தோளில் தோலுக்குள் மிகக் கொஞ்சமாகப் போலியோ ஊசி. வாயில் போலியோ சொட்டு மருந்தும், ரோட்டா கிருமியால் வரும் வயிற்றுப்போக்குக்கான மருந்தும். இரண்டரை மாதத்தில் ஒரே குத்து, அதே வாய் மருந்துகள். மூன்றரை மாதத்தில் மறுபடி மூன்று குத்து. இந்தக் கணக்கு முன்னாலேயே தெரிந்தால், நர்சம்மா மூன்றாவது ஊசியை எடுக்கும்போது "இன்னுமா?" என்று நெஞ்சு பதறாது.

ஒரே நாளில் இத்தனையைப் பிஞ்சு உடம்பு தாங்குமா என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. பிறந்த நிமிஷத்திலிருந்து பிள்ளை கோடிக்கணக்கான கிருமிகளோடுதான் வாழ்கிறது. பால் குடிக்கிறது, கையைச் சப்புகிறது, கொஞ்ச வருகிற பத்துப் பேர் மடியில் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஊசியில் இருப்பது சொற்பம். ஏன் மூன்று தடவை என்றால், முதல் தடவையில் உடம்பு கிருமியின் அடையாளத்தைப் பழகுகிறது, அடுத்தடுத்த தடவைகளில் அந்த ஞாபகம் கெட்டிப்படுகிறது. ஒன்றோடு நிறுத்தினால் அரைகுறைதான்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் புதன்கிழமைதான் ஊசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பீடி சுற்றும் வீடுகளில் புதன் அன்று தட்டை இறக்கி வைத்தால் அன்றைய கூலி போச்சு. முக்கூடல் பக்கத்து என் மைனி வீட்டில் மாமனார்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு போவார். அம்மாதான் போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் போகிறவருக்குப் பிள்ளையின் கதை தெரிந்திருக்க வேண்டும்: போன ஊசிக்குப் பிறகு என்ன ஆனது, இப்போது என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று.

தொடை எளிதாக வெளியே வரும்படி தளர்ந்த சட்டை, ஒரு மாற்றுத் துணி, அட்டை. இவ்வளவு போதும். ஊசிக்கு முன்னும் பின்னும் தாராளமாகப் பால் கொடுக்கலாம். சொட்டு மருந்து போட்டால் அரை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் பழைய பேச்சு. குத்தும்போதே மார்பில் போட்டுக்கொண்டால் அழுகை சீக்கிரம் அடங்குகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

அங்கே கேட்க வேண்டியது நாலே கேள்வி. இன்று என்னென்ன போடுகிறீர்கள்? என்ன தொந்தரவு வரலாம்? வந்தால் என்ன செய்ய வேண்டும்? அடுத்தது எப்போது? நர்சம்மா கூட்டத்தில் வியர்த்துப்போய் நிற்பார், இருந்தாலும் கேளுங்கள். பதில் சொல்வது அவருடைய வேலையில் சேர்ந்ததுதான்.

இன்னொன்று. குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் அதிகம் கறுத்துவிட்டாலோ அந்தக் குப்பியை உபயோகிக்கக் கூடாது. பங்குனி சித்திரை வெயிலில் பஸ் வராமல் நின்றபோது எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. கேட்டதும் நர்சம்மா நீலப் பெட்டியைத் திறந்து, ஐஸ் பாளங்களுக்கு நடுவிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினார். முகம் சுளிக்கவில்லை.

போட்டு முடித்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது. வந்தால் அநேகமாக அந்த அரை மணி நேரத்துக்குள் வரும், அதற்கான மருந்தும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம்.

அந்த ராத்திரி

சாயங்காலத்துக்கு மேல் உடம்பு சுடலாம். தொடை வீங்கும், சிவக்கும், பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பென்டாவில் இருக்கும் கக்குவான் மருந்துதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். உடம்பு சண்டை பழகுகிறது. காய்ச்சல் வராத பிள்ளைக்கு மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் எடைக்குத் தக்கபடி டாக்டரோ நர்சம்மாவோ சொன்ன அளவு மட்டும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. சொட்டு மருந்தாக வரும் பாரசிட்டமாலும் சிரப்பாக வருவதும் ஒரே வீரியம் கிடையாது. சொட்டு பல மடங்கு கெட்டி. மூத்த பிள்ளைக்குக் கொடுத்த சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் விபரீதம். ஊசி போடும் இடத்திலேயே பாட்டிலைக் காட்டி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள்.

வீக்கத்தின் மேல் நனைத்த துணி போடலாம். தேய்க்கக் கூடாது. சுடுதண்ணீர் ஒத்தடம், விளக்கெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உரைமருந்து கொடுக்கும் வீடுகளில் அன்று அதை நிறுத்தி வையுங்கள். எந்த நாளிலும் அதைத் தேனில் குழைத்துக் கொடுக்காதீர்கள், ஒரு வயது ஆகும்வரை பிள்ளைக்குத் தேனே ஆகாது. தடித்த போர்வையில் சுற்ற வேண்டாம். பால் மட்டும் அடிக்கடி.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? ஊசி போட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சு இழுப்பு. எப்போதாக இருந்தாலும் வலிப்பு. பிள்ளை துவண்டு போதல். எதற்கும் அடங்காமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை. 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அல்லது இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல். பால் குடிக்க மறுத்தல். ரோட்டா மருந்துக்கு அடுத்த ஒரு வாரத்தில் காலை மடக்கி மடக்கி அலறி, வாந்தியும் மலத்தில் ரத்தமும் வந்தால் குடல் செருகலாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி என்றால் 108. "ஊசிக் காய்ச்சல்தானே" என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள், இரண்டு மாதக் குழந்தைக்கு ஊசியால் அல்லாத காய்ச்சலும் வரும்.

தள்ளிப்போட எது காரணம், எது காரணமில்லை

சளி, லேசான காய்ச்சல், இரண்டு தடவை வயிற்றாலே போனது: இவையெல்லாம் காரணமில்லை. குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்படி. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் இருந்தால் தேறியதும் போடலாம். போன ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமையோ வலிப்போ வந்திருந்தாலும், எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தாலும் கண்டிப்பாக முன்னாலேயே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எதைப் போடுவது, எதை விடுவது என்பது டாக்டரின் முடிவு.

தவறிப்போனதா? ஆரம்பத்திலிருந்து மறுபடி போடத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த ஒரு வாக்கியம் தெரியாமல்தான் நான் ஒரு மாதம் தலைகுனிந்து ஒளிந்துகொண்டிருந்தேன். திட்டுவார்கள் என்று பயம். கடைசியில் போனபோது நர்சம்மா ஒரு முறை முறைத்தார், அட்டையை வாங்கினார், போட்டார்.

வீடு மாறும் மாதம்

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவிடுவார்கள். சீர்வரிசைச் சாமான் எல்லாம் வேனில் ஏறும், அட்டை மட்டும் அம்மா வீட்டு பீரோவில் கிடக்கும். ஆலங்குளம் வந்த பிறகு எங்கள் வீட்டுக்காரர் அதற்காகவே ஒரு நாள் கல்லிடைக்குறிச்சிக்குப் போய் வந்தார். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து இரண்டு பேர் போனிலும் வையுங்கள். மாசமாக இருந்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) குறித்துக்கொள்ளுங்கள். புது ஊர் நர்சம்மாவிடம் போன வாரத்திலேயே பெயரைப் பதிந்துவிடுங்கள். எந்த ஊர் அட்டையாக இருந்தாலும் அரசு இடத்தில் போடுவார்கள், காசு கிடையாது.

ஒன்பதாம் மாதம்

தட்டம்மை-ரூபெல்லா ஊசி, பி.சி.வி. மூன்றாவது தவணை, 2023-லிருந்து போலியோ ஊசியின் மூன்றாவது தவணை, ஒரு மில்லி வைட்டமின் ஏ. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி சில மாவட்டங்களில் மட்டும் உண்டு. உங்கள் ஊர்க் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டம்மை ஊசியை முன்னாலேயே போட்டால் என்ன? அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும். அது ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அந்தச் சக்தி வடியும் நேரம் பார்த்துத்தான் ஒன்பது மாதம் என்று வைத்திருக்கிறார்கள். இந்த ஊசிக்கு அன்று ராத்திரியே காய்ச்சல் வருவது குறைவு. ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் லேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரலாம், தானாகப் போய்விடும்.

அம்மை என்றால் நம் வீடுகளில் வேப்பிலை கட்டி அம்மனுக்கு வேண்டிக்கொள்வோம். வேண்டுதலோடு ஊசிக்குச் சண்டை இல்லை. என் மாமியார் அப்படித்தான்: ஊசி போட்ட கையோடு கோயிலில் மாவிளக்கு ஏற்றுவதாகச் சொல்லி, ஏற்றவும் செய்தார். ஆனால் தட்டம்மை காற்றில் பரவும். தட்டம்மை வந்தவர் எழுந்து போன அறையில்கூட இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும். அதற்குப் பிறகு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வரலாம், வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்குக் கண்ணும் போகலாம்.

தனியாரிலா, அரசிலா

அரசில் போடுவது தரம் குறைந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே இலவசமாகப் போடும் ரோட்டாவுக்கும் பி.சி.வி.க்கும் ஒரு காலத்தில் தனியாரில் ஆயிரக்கணக்கில் கொடுத்தோம். பி.சி.வி. தமிழ்நாட்டு அரசுத் திட்டத்துக்கு வந்தது 2021-ல். "வலியில்லாத ஊசி" என்று தனியாரில் சொல்வது கக்குவான் மருந்தின் வேறு வகை. காய்ச்சல் குறைவு, உண்மை. ஆனால் அதன் பாதுகாப்பு கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது. கையில் பணம் இருந்தால் பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைபாய்டு, ஃப்ளூ ஊசிகளைப் பற்றிக் குழந்தை டாக்டரிடம் பேசலாம், அவை அரசு அட்டவணையில் இல்லை. கடன் வாங்கிப் போட வேண்டிய ஊசி என்று ஒன்று கிடையாது. எங்கே போட்டாலும் ஒரே அட்டையில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பும் வீட்டுப் பெரியவர்களும்

2017-ல் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பலர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. ஆட்டிசம் வரும் என்ற கதை வேறு. அதன் வேர் 1998-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் வெளியிட்ட கட்டுரை. அதை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் பதிவும் போனது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை.

பெரியவர்களிடம் இதைச் சொல்லி வாதாடினால் வேலைக்கு ஆகாது. இரண்டாவது பிள்ளைக்கு இரண்டரை மாத ஊசி வந்தபோது ஆச்சி மறுபடி முரண்டு பிடித்தாள். அவளுடைய மேல்கையில் காசு அளவுக்கு இரண்டு வட்டத் தழும்பு உண்டு. "இது என்ன ஆச்சி?" என்றேன். "அம்மை குத்தினது. சின்னப் பிள்ளையில பள்ளியோடத்துக்கு வந்து குத்துனாவ. நாலு நாள் கைய அசைக்க முடியல. ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடினோம்." ஆச்சி, பெரியம்மை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை, 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆச்சி தழும்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "ராத்திரி காய்ச்சல் வந்தா நீதான் முழிச்சிருக்கணும்" என்றாள். சரி என்றேன். அந்தத் தடவை காய்ச்சலே வரவில்லை.

ஒன்றரை வயதில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணை, டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும்) ஊக்க ஊசி, சொட்டு மருந்து. நடக்கத் தொடங்கிய பிள்ளை, பிடித்து வைக்க இரண்டு ஆள் வேண்டும். 5 வயதில் இன்னொரு டி.பி.டி., பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. எங்கள் வீட்டு அட்டைகள் இரண்டும் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன.